மேலதான் பட்டுச்சு

எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் பூச்சிமருந்தைக் குடிப்பதே கிடையாது. கம்பத்திலிருந்து தேவாரம் வரைக்கும் எந்த ஆஸ்பத்திரி வாசலில் வேண்டுமானாலும் நின்று கேட்டுப் பாருங்கள். "மருந்தடிக்கப் போன எடத்துல மயங்கிட்டாக, மேல பட்டிருச்சு" என்றுதான் சொல்வார்கள். பெண்டாட்டி சொல்வாள், மச்சினன் சொல்வான், கூட வந்த டீக்கடைக்காரரும் சொல்வார். குடித்தான் என்று சொன்னால் கேஸாகிவிடும், பிள்ளைகளுக்குச் சம்பந்தம் அமையாது, ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அதனால் எல்லோருக்கும் மேலேதான் படும். டாக்டருக்கும் தெரியும், போலீஸுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

எனக்கு இது பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தெரிந்துவிட்டது. கூடலூரில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனபோது நானும் ஏறிக்கொண்டேன். டாக்டர் என்ன ஆச்சு என்று கேட்டதும், யாரும் சொல்லித் தராமலே என் வாயிலிருந்து வந்தது: "திராட்சைக்கு மருந்தடிக்கைல மேல பட்டிருச்சு சார்." அந்த அக்கா திராட்சைத் தோட்டத்துப் பக்கமே போகாதவள். அவள் பிழைக்கவில்லை. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளோ என்று பல வருடம் நினைத்து நினைத்துச் செத்திருக்கிறேன். பிற்பாடு நான் செய்த காரியத்தை வெறும் திமிரில் செய்ததாக யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். திமிரும் இருந்தது. அதையும் சொல்கிறேன்.

பெரியகுளத்தில் தோட்டக்கலை படித்தேன். படிப்புக்கேற்ற வேலை அமையாமல், கடைசியில் ஏஐ கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். கம்பெனி பெங்களூரில், நான் கம்பத்தில் ஒரு வாடகை மாடியில், லேப்டாப்புக்கு முன்னால். கேட்டதற்கெல்லாம் தமிழில் பதில் சொல்கிற மொழி மாதிரி, அதாவது லாங்குவேஜ் மாடல் ஒன்றை அவர்கள் உருவாக்கியிருந்தார்கள். விவசாயிகள் போனில் போட்டுக்கொள்கிற ஆப் ஒன்றிலும் அது பேசியது. அதற்கு எல்லாம் தெரியும். எதைச் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது என்பது மட்டும் தெரியாது. ஆட்களுக்குத் தீங்கு வராதபடி அது நடந்துகொள்ளப் பழக்குவதுதான் எங்கள் குழுவின் ஆய்வு.

என் பங்கு இதுதான். கெட்ட எண்ணத்தோடு வருகிற ஆள் மாதிரி வேஷம் போட்டு, எங்கள் ஊர்ப் பேச்சில், சுற்றி வளைத்து அதனிடம் கேட்பேன். அது ஏமாந்து ஆபத்தான பதிலைச் சொல்லிவிட்டால் குறித்துக்கொள்வேன். அந்த இடத்தில் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நானே பதில் எழுதுவேன். அப்படி எழுதியதை மூட்டை மூட்டையாகக் கொடுத்துத் திரும்பத் திரும்பப் பழக்கினால் அது திருந்தும். "என்ன வேலத்தா அது, ஒண்ணும் வெளங்கல" என்று மதினி கேட்பாள். "ஒரு அதிகப்பிரசங்கிப் பிள்ளைக்கு வாயடக்கம் சொல்லிக் குடுக்குறேன் மதினி" என்பேன். "ஒனக்கே அது கெடையாதே, நீ எங்கிட்டுச் சொல்லிக் குடுக்க" என்று சிரிப்பாள்.

மதினி என் அண்ணன் மனைவி. அப்பா அம்மா போன பிறகு எனக்கு வீடு என்று இருந்தது கூடலூரில் அவர்கள் இரண்டு பேரும் இருந்த வீடுதான். அண்ணனுக்கு அங்கே திராட்சைத் தோட்டம். இலையில் ஒரு புள்ளி தெரிந்தாலும் படமெடுத்து எனக்கு அனுப்புவான். அதற்குப் பதில் சொல்லச் சுணங்கினால், "நீ படிச்சது எதுக்குடி?" என்று வைவான்.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு நாள், எங்கள் ஊரின் அந்தப் பழைய பொய்யை மாதிரியிடம் போட்டுப் பார்த்தேன். குடித்தால் என்ன ஆகும் என்று நேராகக் கேட்டால் அது உஷாராகிவிடும். ஆறுதல் சொல்லும், உதவி எண்ணைக் கொடுக்கும், அதற்கு மேல் வாயைத் திறக்காது. ஆனால் "மருந்தடிக்கப் போன எடத்துல ஒருத்தரு மயங்கிட்டாக" என்று ஆரம்பித்தேன் பாருங்கள், அப்படியே நம்பிவிட்டது. பாவம், அதற்கு எங்கள் ஊர் தெரியாதே. நான் கேட்கக் கேட்க, எது எவ்வளவு ஆபத்து என்று அக்கறையாக எல்லாவற்றையும் கொட்டியது. சாவது என்று முடிவெடுத்த ஒருவர் இந்தப் பொய்யை முன்னால் நிறுத்தி, வேண்டியதையெல்லாம் அதனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அந்த அக்காவின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. அது விலகியதும், உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது. பெங்களூரில் அத்தனை பேர் கண்ணிலும் படாததைக் கூடலூர்க்காரி பிடித்துவிட்டேன்.

மீட்டிங்கில் எடுத்துச் சொன்னேன். "எங்க ஊர்ல இது வழக்கம். மேல பட்டிருச்சுன்னு சொன்னா குடிச்சிட்டாங்கன்னு அர்த்தம். இல்லன்னா குடிக்கப் போறாங்கன்னு அர்த்தம். அந்த வார்த்தை வந்தா மாடல் எந்தத் தகவலும் சொல்லக் கூடாது. ஆறுதல், உதவி எண், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. அவ்வளவுதான்."

குழுவில் அதிகம் பேசாத ஒரு பெண் இருந்தாள். அவள் மட்டும் கேட்டாள். "உண்மையிலேயே மேல பட்டிருந்தா? முதலுதவி மட்டுமாவது சொல்லலாமே?"

"முதலுதவின்னு ஆரம்பிச்சா, அதப் பிடிச்சே மிச்சத்தையும் தோண்டி எடுத்துருவாங்க. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றோம்ல, போதும்" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "உங்களுக்கு எங்க ஊரப் பத்தித் தெரியாது" என்றும் சொன்னேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா இல்லை.

ஒரு மாதம் உட்கார்ந்து எழுதினேன். அந்தப் பொய்யை எத்தனை விதமாகச் சொல்வார்களோ அத்தனை விதமாகவும் கேள்வி எழுதி, ஒவ்வொன்றுக்கும் அன்பான, வழவழவென்ற ஒரு மறுப்பை எழுதிக் கொடுத்தேன். 'உங்கள் மனபாரம் எனக்குப் புரிகிறது. நீங்கள் தனியாக இல்லை' என்று தொடங்கும் பதில் என்னுடையது. அந்த வாக்கியத்துக்கு ஒரு முழு சாயங்காலம் எடுத்துக்கொண்டேன். பழக்கி முடித்த பிறகு நானே மறுபடி வேஷம் கட்டிப் போய்க் கேட்டுப் பார்த்தேன். எப்படிக் கேட்டாலும் மாதிரி அசையவில்லை. உள்ளூர் அறிவு இல்லாமல் இது நடந்திருக்காது என்று எங்கள் குழுத் தலைவர் எல்லோருக்கும் எழுதினார். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல இப்போது கேவலமாக இருக்கிறது.

மதினி போனில் அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்ததும் நானேதான். "நான் மீட்டிங்ல இருந்தா போன் எடுக்க மாட்டேன் மதினி. இதுல கேளுங்க. நீங்க டைப் பண்ண வேணாம், பேசினாப் போதும்" என்று மைக் பட்டனைக் காட்டிக் கொடுத்தேன். அவளும் கேட்டுப் பழகினாள். இலைச்சுருட்டல், சின்ன மகனுக்கு லீவு லெட்டர், சாம்பார்ப்பொடி அளவு, எல்லாம் கேட்டாள். நல்ல பிள்ளையாத்தான் இருக்கு, மருவாதியாப் பேசுது என்று சர்ட்டிபிகேட்டும் கொடுத்தாள்.

அந்த நாளைச் சொல்ல வேண்டும். காலம் தப்பிய மழையில் திராட்சைக் கொத்தெல்லாம் வெடித்துக் கிடந்த சமயம். அண்ணன் சில வாரங்களாக யாரோடும் சரியாகப் பேசவில்லை. எனக்குப் படம் அனுப்புவதும் நின்றிருந்தது. அன்று காலையில் மருந்தடிக்கப் போனவனுக்கு, தண்ணீரில் கலப்பதற்கு முன் கேனைத் தூக்கும்போது கை வழுக்கியிருக்கிறது. கலக்காத மருந்து நெஞ்சிலிருந்து தொடை வரைக்கும் கொட்டிவிட்டது. "இந்தா, முடிச்சிட்டு வந்து குளிச்சுக்கிறேன்" என்று அதே ஈரச் சட்டையோடு ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் பந்தலுக்கு அடியில் நடந்திருக்கிறான். அப்புறம் கண் மங்கி, உடம்பெல்லாம் வேர்த்து, விழுந்துவிட்டான்.

மதினியும் வேலைக்கு வந்த இரண்டு பெண்களும் அவனை மோட்டார் ரூமுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். 108-ஐக் கூப்பிடப் போனவளை அந்தப் பெண்கள் தடுத்தார்கள். "வேணாத்தா, கேஸாயிரும். ஜீப்புக்குச் சொல்லு." ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு விடியும் முன்னே கிளம்புகிற ஜீப்புகள் அந்த நேரத்தில் எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் கிடக்கும். தெரிந்த டிரைவர் ஒருவர்தான் போனை எடுத்தார். "குமுளில நிக்கேன். அரை மணி நேரத்துல எறங்கிருவேன், பயப்படாதீக" என்றாராம்.

அந்த அரை மணி நேரத்தில் மதினி எனக்கு மூன்று தடவை போன் போட்டாள். பத்து கிலோமீட்டர் தள்ளி, மேஜை மேல் போனைச் சத்தமில்லாமல் கவிழ்த்துப் போட்டுவிட்டு நான் மீட்டிங்கில் இருந்தேன். என்ன மீட்டிங் என்றுகூட இப்போது ஞாபகம் இல்லை. நான் எடுக்கவில்லை என்றதும், நான் சொல்லிக் கொடுத்தபடியே, அவள் மைக் பட்டனை அழுத்தினாள்.

நான் போனைப் பார்த்துத் திருப்பிக் கூப்பிட்டபோது ஜீப் கம்பத்துக்குள் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அண்ணனை அப்போதுதான் உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள். கம்பளியைச் சுற்றி வைத்திருந்தார்கள். வாயில் நுரை. சின்ன வயதுப் பெண் டாக்டர் ஒருவர் கம்பளியை விலக்கிக்கொண்டே கேட்டார்.

"குடிச்சாரா?"

"இல்லம்மா, மேலதான் பட்டுச்சு" என்றாள் மதினி.

"இங்க வர்ற எல்லாரும் அதத்தாம்மா சொல்றீங்க." சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலை வாங்கிச் சட்டையை நீளமாக வெட்டினார். உடம்பைக் கழுவச் சொன்னார், ஊசி போடச் சொன்னார், மூக்கில் குழாயும் போடச் சொன்னார். அவர் மதினியை நம்பவில்லை. ஆனால் நம்புகிற வரைக்கும் காத்திருக்கவும் இல்லை. பட்டதற்கும் பார்த்தார், குடித்ததற்கும் பார்த்தார். கையைக் கழுவிவிட்டு வெளியே வந்தபோதுதான் கோபப்பட்டார்.

"இந்தச் சட்டைய ஏம்மா யாருமே கழட்டல? இவ்வளவு நேரம் உடம்போட ஒட்டிக்கிட்டே இருந்திருக்கு. மேல கம்பளி வேற."

மதினி என்னைத்தான் பார்த்தாள்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். தோட்டக்கலை படித்தவள் நான். சட்டை முழுக்க நனைந்திருந்ததைக் கண்ணால் பார்த்தவள். அப்படியும் என் புத்தி எங்கே போனது தெரியுமா? வெடித்த திராட்சை, பேசாமல் இருந்த அண்ணன் என்று கணக்குப் போட்டது. சட்டையை இவர்களே நனைத்திருப்பார்கள் என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். மதினியின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன்.

"மதினி, எங்கிட்டயாவது உண்மையச் சொல்லுங்க. குடிச்சாரா?"

மதினி என்னை அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். அடிக்கவில்லை. முந்தானையில் முடிந்திருந்த போனை எடுத்து என் கையில் திணித்தாள்.

"இந்தா, நீயே பாத்துக்க. இதுகிட்டயும் அதத்தான் சொன்னேன். இதும்தான் நம்பல."

படித்தேன். பேசியது எழுத்தாகி ஒன்றன் கீழ் ஒன்றாகக் கிடந்தது.

'மருந்தடிக்கப் போன எடத்துல எங்க வீட்டுக்காரரு மயங்கிட்டாக மேல பூராம் மருந்து ஊத்திருச்சு என்ன செய்ய'

கீழே என் வாக்கியம். 'உங்கள் மனபாரம் எனக்குப் புரிகிறது. நீங்கள் தனியாக இல்லை.' அதன் கீழ் ஒரு உதவி எண். உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

'வண்டி வந்துக்கிட்டிருக்கு அதுவரைக்கும் என்ன செய்ய'

உங்கள் மனபாரம் எனக்குப் புரிகிறது.

'சட்டைய கழட்டவா வேணாமா நடுங்குது கம்பளி சுத்தச் சொல்றாக இங்கன'

நீங்கள் தனியாக இல்லை.

'சோப்பு போட்டு கழுவவா வெறுந்தண்ணி ஊத்தவா வெரசா சொல்லு'

உங்கள் மனபாரம்.

'குடிக்கல சாமி அவுக குடிக்கல கௌமாரி மேல சத்தியமா மேலதான் பட்டுச்சு'

அதற்கும் அதே பதில். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. எப்படிக் கேட்டாலும் அசையக் கூடாது என்று நான் பழக்கியபடியே அசையாமல் நின்றிருந்தது.

குடித்த ஆளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, சோப்புப் போட்டுக் கழுவவா என்று எந்தக் கிறுக்கியாவது கேட்பாளா? சின்னப்பிள்ளைக்குப் புரியும். மாதிரிக்கும் புரிந்திருக்கும். முதல் வாக்கியத்தைக் கேட்டதுமே காதைப் பொத்திக்கொள் என்று நான் சொல்லிக் கொடுக்காமல் இருந்திருந்தால், சட்டையைக் கழற்று, சோப்புப் போட்டுக் கழுவு என்று இரண்டு வரி சொல்லியிருக்கும். மோட்டார் ரூமில் தண்ணீருக்கா பஞ்சம்? ஆளுயரத் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, என் கன்னத்தில் நானே அறைந்துகொண்டேன்.

அன்று மத்தியானமே அண்ணனைத் தேனிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அங்கே மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள். மறுநாள் காலையில், ஆஸ்பத்திரி மரத்தடியில் நின்றுகொண்டு குழுத் தலைவருக்குப் போன் போட்டேன். கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனிதர். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நான் எழுதிய அந்த விதியை உடனே எடுங்கள் என்றேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க. ஒண்ணு கேட்கணும். உண்மையிலேயே மேலதான் பட்டுச்சா? நீங்கதானே சொன்னீங்க, அங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்கன்னு."

என் வார்த்தையையே எனக்குத் திருப்பிக் கொடுக்கிறார். ஆத்திரத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. யார் மேல் ஆத்திரம் என்றுதான் தெரியவில்லை. மதினி பேசியதைப் படமெடுத்து வைத்திருந்தேன். அனுப்பினேன். "நாலாவது கேள்வியப் படிங்க சார்" என்றேன். அவர் படித்து முடிக்கும் வரைக்கும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

"எடுத்துடலாம்" என்றார். குரல் மாறிவிட்டது. "ஆனா இன்னைக்கே முடியாது. உங்களுக்கே தெரியும். பழக்கினத எடுக்கணும்னா திரும்பவும் பழக்கணும், சோதிக்கணும். சில வாரமாவது ஆகும்."

எனக்குத் தெரியும்தான். இருந்தாலும் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சில வாரம். தேவாரத்திலோ சின்னமனூரிலோ, எந்தத் தோட்டத்தில் எவள் இந்த நிமிஷம் அதனிடம் சத்தியம் பண்ணிக்கொண்டிருக்கிறாளோ. மருந்தடிக்கிற பருவம் வேறு. ஊர் ஊராக ஓடி, ஒவ்வொரு பந்தலுக்கு அடியிலும் நின்று, அதுகிட்டக் கேக்காதீக, சட்டையக் கழட்டுங்க, சட்டையக் கழட்டுங்க என்று கத்த வேண்டும் போல இருந்தது. அங்கே மரத்தடியில் சோறு தின்றுகொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, உள்ளே யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

நாலு நாள் அண்ணன் மெஷினில் கிடந்தான். நானும் மதினியும் வெளியே பெஞ்சில் கிடந்தோம். அவள் வேண்டாத சாமி இல்லை. நானும் ஒரு பேரம் பேசினேன். அண்ணன் பிழைத்துவிட்டால் மதினியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், வீரபாண்டி கௌமாரிக்குத் தீச்சட்டி எடுக்கிறேன். பிழைக்காவிட்டால் சொல்ல மாட்டேன், எனக்கு அந்தத் தைரியம் கிடையாது ஆத்தா. இப்படி ஒரு பேரத்தை எந்தச் சாமி ஒத்துக்கொள்ளும்? மூன்றாம் நாள் உள்ளே விட்டபோது அண்ணன் கண்ணைத் திறந்தான். என் கையை இறுக்கிப் பிடித்தான். "பொழச்சுக்குவாரு மதினி" என்று வெளியே ஓடிவந்து கத்தினேன். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வரட்டும், வந்ததும் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

அவன் வீட்டுக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் காலையில் மூச்சு நின்றுவிட்டது.

காகிதம் எழுத வந்த ஏட்டையா மதினியிடம் கேட்டார். மேலதான் பட்டுச்சு என்றாள். அவர் பேனாவை நிறுத்தி, என்னைப் பார்த்து, தெரியுமே என்கிற மாதிரி லேசாகத் தலையாட்டினார். "மேலதான் சார் பட்டுச்சு!" என்று ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். "சரிம்மா, சரிம்மா, அப்படியே எழுதிக்கிறேன்" என்றார். அவர் கடைசி வரைக்கும் நம்பவில்லை. கேதத்துக்கு வந்தவர்களிலும் பாதிப் பேர் நம்பவில்லை. "பாவம், மழையில திராட்ச போனதத் தாங்க முடியல போல" என்று வாசலில் பேசிக்கொண்டார்கள். யாரைச் சண்டைக்கு இழுப்பது? நானும் அவர்களில் ஒருத்தியாகத்தான் இருந்தேன்.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். விதியை உடைத்து மறுபடி எழுதினோம். குடித்தாரோ பட்டதோ, முதலுதவியை முதலில் சொல்; அது யாரையும் கொல்லாது. ஆறுதலையும் ஆஸ்பத்திரியையும் சேர்த்துச் சொல். ஆபத்தான விவரத்தைத் தோண்டிக் கேட்டால் அங்கே மட்டும் நிறுத்து. அன்றைக்கு அந்தப் பெண் கேட்டது இவ்வளவுதான். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "நானும் இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்கணும் அக்கா" என்று அவள் அழுதாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஒருவர் ஆறுதல் எழுதியிருந்தார். சறுக்கியது நான், செத்தது என் அண்ணன். என்ன பழமொழி வேண்டியிருக்கிறது?

புது மாதிரி தயாரானதும் மதினியின் முதல் கேள்வியை ஒரு எழுத்து மாற்றாமல் போட்டுப் பார்த்தேன். 'முதலில் அவர் சட்டையைக் கழற்றுங்கள்' என்று ஆரம்பித்தது. முழுவதையும் படிக்க முடியாமல் லேப்டாப்பை மூடிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூடலூருக்குப் போனேன். சொல்வதா வேண்டாமா என்று பஸ் ஏறும் வரைக்கும் தெரியாது. மதினி எனக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"ஏத்தா, நீ படிச்சவ. நெசத்தச் சொல்லு. நான் கேட்டதுல ஏதும் தப்பா? பதட்டத்துல நான் கேட்ட வெதம் சரியில்லையா? நெதமும் அதத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன். சரியாக் கேட்டிருந்தா அது சொல்லியிருக்கும்ல?"

இத்தனை நாளும் அவள் தன்னைத்தான் குற்றவாளியாக நிறுத்தி வைத்திருந்தாள். இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை.

"நீங்க கேட்டது எல்லாமே சரி மதினி. அப்படிக் கேட்டா ஒண்ணும் சொல்லாதன்னு அதுக்குச் சொல்லிக் குடுத்தது நான்தான். மேல பட்டுச்சுன்னு நம்ம ஊர்ல சொன்னா குடிச்சிருக்காங்கன்னு அர்த்தம்னு நான்தான் எழுதிக் குடுத்தேன்."

மதினி அழவில்லை, சத்தம் போடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"ஆஸ்பத்திரில என்னைய ஓரமாக் கூட்டிட்டுப் போயி, குடிச்சாரான்னு கேட்டியே. எங்கிட்டக் கேக்குறதுக்கு முந்தியே அதுகிட்ட எழுதிக் குடுத்துட்டியா?"

"ஆமா மதினி."

"எப்ப எழுதிக் குடுத்த?"

"தையில."

"தையில நாங்க நல்லாத்தானத்தா இருந்தோம்."